எதனுடைய 450?



ஆண்டு மலர் என்றாலே கவிதை, நட்பு, அம்மா, பிரிவு என்று பக்கங்கள் நிரம்பி வழியும். அதற்கு நடுவே படலம், மின்தடை என்று ஒருவன் எழுத வந்தால், "இவனுக்கு வேற வேலையே இல்லையா?" என்று பக்கத்தைப் புரட்டத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனை எடுத்து அதன் திரையைத் தொடுங்கள். நீங்கள் தொட்டது கண்ணாடியை. ஆனால் எந்த இடத்தில் தொட்டீர்கள் என்பதைப் போன் கண்டுபிடித்தது மின்சாரத்தால். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோமே, பிறகு எப்படி?

பெரும்பாலான போன்களில் அந்தக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கிறது. அதன் கனம் தலைமுடியின் கனத்தில் சில நூறில் ஒரு பங்குதான். அந்தப் படலம் ஒளியையும் விடும், கரண்டையும் விடும். இப்படிப்பட்ட ஆக்ஸைடுகள் ஒரு சில உண்டு. இண்டியம் ஆக்ஸைடில் கொஞ்சம் டின் கலந்தது ஒன்று. இதைச் சுருக்கமாக ஐ.டி.ஓ. என்பார்கள். டின் ஆக்ஸைடில் கொஞ்சம் ஃப்ளூரின் கலந்தது இன்னொன்று. இது எஃப்.டி.ஓ. துத்தநாக ஆக்ஸைடில் அலுமினியம் கலந்தது மூன்றாவது. செல்போன், டி.வி., சோலார் பேனல், வெயிலின் வெப்பத்தைத் தடுக்கும் கட்டடக் கண்ணாடி என்று இவை இல்லாத இடமே இல்லை.

நான் சொல்ல வந்தது இவை எங்கெல்லாம் இருக்கின்றன என்பதை அல்ல. இவற்றை எப்படிச் செய்கிறோம் என்பதைத்தான். ஏனென்றால் இந்தப் படலங்களைப் பொறுத்தவரை, என்ன பொருள் என்று கேட்பதைவிட எந்த நிலையில் படிய வைத்தாய் என்று கேட்பதுதான் பெரிய கேள்வி. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்டில், கை சுடச்சுடத் தெரிந்துகொண்டேன்.

ஒரே பொருள், பல முகம்

முதலில் கொஞ்சம் தியரி. பயப்படாதீர்கள், ஒரு பத்திதான்!

செம்பு நன்றாகக் கடத்துகிறது. காரணம், அதில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஓடித்திரியும் எலெக்ட்ரான்கள் 1-க்குப் பின் 22 சைபர் போட்டால் வரும் எண்ணைவிட அதிகம். ஆனால் அத்தனை எலெக்ட்ரான்கள் இருப்பதால்தான் அது ஒளியைத் திருப்பி அடித்துவிடுகிறது, பளபளக்கிறது. சாதாரணக் கண்ணாடியில் ஓடித்திரியும் எலெக்ட்ரான் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால் ஒளி தடையில்லாமல் போகிறது, கரண்ட் போவதில்லை. நம்முடைய ஆக்ஸைடுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அவற்றில் எலெக்ட்ரான் எண்ணிக்கை, 1-க்குப் பின் 20 அல்லது 21 சைபர். கரண்ட் ஓட இது போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பி அடிக்க இது போதாது. ஆனால் அகச்சிவப்பு வெப்பக் கதிரைத் திருப்பி அடித்துவிடும். கட்டடக் கண்ணாடியில் இதைப் பூசுவதன் ரகசியம் அதுதான்.

அந்த எலெக்ட்ரான்கள் எங்கிருந்து வருகின்றன? டின் ஆக்ஸைடில் ஒவ்வொரு டின் அணுவுக்கும் இரண்டு ஆக்ஸிஜன் கச்சிதமாக அமைந்துவிட்டால், அது ஒளி ஊடுருவும், ஆனால் கடத்தாத பொருள். அங்கங்கே ஓர் ஆக்ஸிஜன் இல்லாமல் போனால், அந்தக் காலி இடம் ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுப் போகும். ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ளூரின் வந்து உட்கார்ந்தால் ஓர் எலெக்ட்ரான் மிச்சமாகும். ஆக, கொஞ்சம் "குறை" இருந்தால்தான் கரண்ட் ஓடும். அதற்காகக் குறையைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. இரண்டு ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் என்ற நிலைக்கு வந்தால் அது வேறு பொருளாகிவிடும், கறுத்துப் போய்விடும்.

பார்த்தீர்களா? அதே டின், அதே ஆக்ஸிஜன்தான். கடத்தாத கண்ணாடியாகவும் வரலாம், கறுப்பாகவும் வரலாம், நமக்கு வேண்டிய படலமாகவும் வரலாம். எது வரும் என்பதைச் சூடும், காற்றும், வேகமும், தூரமும்தான் முடிவு செய்கின்றன.

1907-லிருந்து பிள்ளைப்பாக்கம் வரை

இந்தக் கதை தொடங்கியது 1907-இல், ஜெர்மனியில். கார்ல் பேடெக்கர் என்ற இயற்பியலாளர் காட்மியம் உலோகத்தை மெல்லிய படலமாகப் படிய வைத்து, அதைக் காற்றில் சூடாக்கினார். உலோகம் ஆக்ஸைடாக மாறியது. ஒளி ஊடுருவியது, ஆனாலும் கரண்ட் ஓடியது! அதற்குப் பிறகு அவர் காப்பர் அயோடைடு படலங்களை எடுத்து, அயோடின் ஆவியின் அளவை மாற்ற மாற்ற, கடத்தும் திறனும் மாறுவதைக் கண்டார். அதாவது முதல் ஆராய்ச்சியாளர் கண்ட முதல் பாடமே "கண்டிஷனை மாற்று, பொருள் மாறும்" என்பதுதான். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஆம் ஆண்டே, போர்க்களத்தில் அவர் உயிர் போய்விட்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத்தின் முன் கண்ணாடியில் பனி உறைவது பெரிய தொல்லையாக இருந்தது. சூடான கண்ணாடியில் டின் குளோரைடைத் தெளித்து டின் ஆக்ஸைடு படலம் உண்டாக்கி, அதில் கரண்ட் விட்டுச் சூடாக்கினார்கள். அமெரிக்காவில் கண்ணாடிக்கு இப்படிப்பட்ட படலம் பூசும் முறைகளுக்கு 1940-களில் காப்புரிமை வாங்கியவர்களில் ஹெரால்ட் மக்மாஸ்டரும் ஒருவர். இவர் சும்மா இருக்கவில்லை. 1990-இல், வயது எழுபதைத் தாண்டிய பிறகு, சோலார் செல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது 1999-இல் கைமாறி ஃபர்ஸ்ட் சோலார் ஆனது. அந்த நிறுவனத்தின் பேனல்கள், கடத்தும் ஆக்ஸைடு பூசிய கண்ணாடியின் மேல் காட்மியம் டெலுரைடைப் படிய வைத்துச் செய்யப்படுபவை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அதே நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்குப் பேனல் செய்யும் திறன் கொண்டது. "அதெல்லாம் பி.எச்டி. படிக்கிறவங்க சமாச்சாரம், டிப்ளமோக்காரனுக்கு எதுக்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுதான் என் முதல் பதில். படலம் படியும் இயந்திரத்தின் முன்னால் ஷிப்டுக்கு நிற்கப்போவது பி.எச்டி. அல்ல, நாம்தான்.

எங்கள் ப்ராஜெக்டும் அந்த அண்ணனின் கேள்வியும்

ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு நாங்கள் நான்கு பேர். "ஒளி ஊடுருவும் ஹீட்டர்" செய்வது என்று முடிவு செய்தோம். கண்ணாடித் துண்டின் மேல் டின் ஆக்ஸைடு பூசி, கரண்ட் விட்டு, அதன் மேல் மெழுகை உருக்கிக் காட்ட வேண்டும். எங்கள் கைடு சார் பேசி, பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் சனிக்கிழமைதோறும் ஸ்ப்ரே செட்டைப் பயன்படுத்த அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

இந்த முறைக்கு ஸ்ப்ரே பைரோலிசிஸ் என்று பெயர். பெயர்தான் பெரிது, வேலை எளிது. அடியில் ஹாட் பிளேட். அதன் மேல் சோப்பு, தண்ணீர், அஸிட்டோன் போட்டுத் துடைத்த மைக்ரோஸ்கோப் ஸ்லைடு. மேலே ஒரு ஜாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு ஸ்ப்ரே கன். டின் குளோரைடும் அமோனியம் ஃப்ளூரைடும் கரைத்த கரைசலை, கம்ப்ரஸர் காற்றால் பனிபோலத் தெளித்தால், சூடான கண்ணாடியில் பட்டதும் டின் குளோரைடு தண்ணீரோடு வினைபுரிந்து டின் ஆக்ஸைடாகப் படியும், ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வெளியேறும். (ஃப்யூம் ஹுட், கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரும் இதைத் தொடாதீர்கள். அமோனியம் ஃப்ளூரைடு விளையாட்டுப் பொருள் அல்ல!)

எங்கள் கையில் வழிகாட்டியாக, முன்பு எங்கேயோ யாரோ செய்த ப்ராஜெக்டின் ஸ்பைரல் பைண்டிங் ரிப்போர்ட் ஒன்று இருந்தது. எண்பது பக்கம். அதில் அறுபது பக்கம் முன்னுரை, சோலார் எனர்ஜியின் அவசியம், நன்றியுரை. செய்முறைக்கு வந்தால் ஒரே வரி. 450 டிகிரியில் கரைசல் தெளிக்கப்பட்டது, நல்ல படலம் கிடைத்தது. அவ்வளவுதான்!

அதில் இருந்தபடியே ஹாட் பிளேட்டை 450-இல் வைத்துத் தெளித்தோம். முதல் சனிக்கிழமை வந்த படலம் பால் படிந்த டம்ளர் மாதிரி வெளுத்திருந்தது. மல்ட்டிமீட்டர் கிலோ ஓமில் காட்டியது. இரண்டாவது சனிக்கிழமையும் அதே கதை. "ரிப்போர்ட்ல பொய் எழுதியிருக்கானுங்கடா" என்றான் பார்ட்னர் ஒருவன். "பேசாம ஒரு கிட் வாங்கிடலாம், ரெடிமேடா கிடைக்குது" என்றான் இன்னொருவன்.

அந்த ஆய்வகத்தில் லேப் அசிஸ்டென்ட் ஒரு அண்ணன். எங்களைப் போலவே பாலிடெக்னிக் படித்தவர். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கிட்டே வந்து கேட்டார்.

"தம்பி, 450ன்னு போட்டிருக்கே, எதோட 450?"

"டெம்பரேச்சர்ண்ணே."

"அது தெரியுது. பிளேட்டோட 450-ஆ, கண்ணாடியோட 450-ஆ? தெளிக்கறதுக்கு முன்னாடியா, தெளிக்கும்போதா?"

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த எண்பது பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை.

அண்ணன் அலமாரியிலிருந்து மெல்லிய தெர்மோகப்பிள் கம்பி ஒன்றை எடுத்து, அதன் முனையைக் கண்ணாடியின் மேல்பரப்பிலேயே அழுத்தி வைத்தார். பிளேட் மீட்டர் 450 காட்டும்போது கண்ணாடியின் முகம் 400-ஐக்கூடத் தொடவில்லை. தெளிக்க ஆரம்பித்ததும் அதிலும் 30, 40 டிகிரி சடசடவென்று இறங்கியது. குளிர்ந்த காற்றும் ஈரமும் படும்போது சூடு இறங்காமல் என்ன செய்யும்? தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று அம்மாவைக் கேட்டாலே சொல்லியிருப்பார்கள்!

மூன்றாவது சனிக்கிழமை மீட்டரை மறந்துவிட்டு, கண்ணாடியின் முகம் 450 வரும் வரை பிளேட்டை ஏற்றினோம். ஐந்து விநாடி தெளிப்பு, சூடு திரும்ப ஏறும் வரை காத்திருப்பு, மறுபடி ஐந்து விநாடி. இப்படியே பல சுற்று. ஆற வைத்து இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. சாய்த்துப் பார்த்தால் மட்டும் இளஞ்சிவப்பும் பச்சையும் மின்னியது. அரை மணி நேரம் நான்கு பேரும் அந்த ஸ்லைடைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம்.

திருகும் குமிழ்கள்

அந்த ஒரு கேள்வி எங்களுக்குள் பத்துக் கேள்விகளைக் கிளப்பிவிட்டது. சூடு ஒன்றுதானா, வேறு என்னவெல்லாம் படலத்தை மாற்றும் என்று தேட ஆரம்பித்தோம். தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

சூடு: சூடு குறைந்தால் வினை பாதியிலேயே நின்றுவிடும். குளோரின் உள்ளே தங்கிவிடும், படிகங்கள் சரியாக வளராது, எலெக்ட்ரான் ஒரு படிகத்திலிருந்து அடுத்த படிகத்துக்குத் தாண்ட முடியாமல் திணறும். சூடு மிக அதிகமானால் வேறு சங்கடம். துளி கண்ணாடியைத் தொடும் முன்பே காய்ந்து, பொடியாகி, மேலே மாவு தூவியதுபோல் உட்காரும். விரலால் தேய்த்தால் வந்துவிடும். அத்தோடு சாதாரணக் கண்ணாடியில் இருக்கும் சோடியம் மெல்ல மேலேறிப் படலத்தைக் கெடுக்கும். எஃப்.டி.ஓ.-வுக்கு 400-லிருந்து 500 டிகிரிக்குள் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடம் ஒவ்வொரு செட்டுக்கும் கொஞ்சம் மாறும்.

ஆக்ஸிஜன்: தொழிற்சாலையில் ஐ.டி.ஓ.-வைப் பெரும்பாலும் ஸ்பட்டரிங் முறையில் செய்கிறார்கள். வெற்றிட அறைக்குள் ஆர்கான் வாயுவை விட்டு, அதன் அயனிகளால் ஒரு பலகையை அடித்து, சிதறும் அணுக்களைக் கண்ணாடியில் படிய வைப்பது. வழக்கமான பலகையில் 90 பங்கு இண்டியம் ஆக்ஸைடு, 10 பங்கு டின் ஆக்ஸைடு. இங்கே ஆர்கானோடு கலக்கும் துளியளவு ஆக்ஸிஜன்தான் ராஜா. அது குறைந்தால் படலம் பழுப்பேறும். கூடினால் பளிங்குபோல் தெளியும், ஆனால் கரண்ட் ஓடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடம். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல் அதைப் பிடிக்க வேண்டும்.

கலப்பு: ஃப்ளூரின் எலெக்ட்ரான் தருகிறது என்பதற்காக அள்ளிப் போட முடியாது. ஓர் அளவுக்கு மேல் அது ஆக்ஸிஜனின் இடத்தில் உட்காராது. வழியில் நின்று, ஓடும் எலெக்ட்ரான்களை இடறிவிடும். கடத்தும் திறன் இரண்டின் பெருக்கல்: எத்தனை எலெக்ட்ரான், அவை எவ்வளவு சுலபமாக ஓடுகின்றன. ஒன்றைக் கூட்டப் போய் இன்னொன்றைக் கெடுத்தால் லாபம் இல்லை. ஊருக்கே பஸ் விட்டுவிட்டு ரோடு போடாத கதைதான்.

தூரமும் அழுத்தமும்: ஸ்ப்ரே கன் கிட்டே இருந்தால் துளி பெரிதாக ஈரத்தோடு விழும், தூரப் போனால் வழியிலேயே காயும். ஸ்பட்டரிங்கில் அறையின் அழுத்தம் அதே வேலையைச் செய்கிறது. அழுத்தம் மிகக் குறைவென்றால் வேகமான துகள்கள் படலத்தை நேராகத் தாக்கிப் படிகத்தைச் சேதப்படுத்தும். அழுத்தம் மிக அதிகமென்றால் அணுக்கள் மோதி மோதிச் சக்தி இழந்து வந்து சேரும். படலம் நெருக்கமில்லாமல் ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

பிறகு சூடாக்குவது: படலம் படிந்த பிறகும் வேலை முடிவதில்லை. ஐ.டி.ஓ.-வைக் காற்றில் நன்றாகச் சூடாக்கினால், காலி இடங்களை ஆக்ஸிஜன் வந்து நிரப்பி, மின்தடை ஏறிவிடும். அதையே வெற்றிடத்தில் சூடாக்கினால் இறங்கும். எஃப்.டி.ஓ. இந்த விஷயத்தில் கெட்டிக்காரன், காற்றில் 450 டிகிரியையும் தாங்கும். அதனால்தான், செய்யும்போது அடுப்பில் வைக்க வேண்டிய சில வகை சோலார் செல்களுக்கு அதையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

நல்ல படலம் எது?

வைவாவில் எங்களிடம் கேட்ட கேள்வி இது. "மின்தடை குறைவா இருந்தா நல்லதுதானே, கனமாப் பூச வேண்டியதுதானே?" என்றார் எக்ஸ்டெர்னல்.

இங்கே ஒரு புது அலகு வருகிறது. ஒரு சதுரத்துக்கு எத்தனை ஓம் என்பது அது. என்ன சதுரம், எவ்வளவு பெரிய சதுரம் என்று கேட்கிறீர்களா? எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒன்றுதான்! சதுரத்தின் நீளம் இரண்டு மடங்கானால் தடை இரண்டு மடங்காகும். கூடவே அகலமும் இரண்டு மடங்காவதால் அது பாதியாகிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். மைக்ரோஸ்கோப் ஸ்லைடு 75 மில்லிமீட்டர் நீளம், 25 அகலம். அதாவது வரிசையாக மூன்று சதுரம். சதுரத்துக்கு 10 ஓம் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 30 ஓம். எளிதுதானே?

கனத்தை இரண்டு மடங்காக்கினால் இந்த மின்தடை பாதியாகும், உண்மைதான். தன்தடை 0.0005 ஓம் சென்டிமீட்டர் உள்ள படலம் 500 நானோமீட்டர் கனத்தில் சதுரத்துக்கு 10 ஓம், 1000 நானோமீட்டரில் 5 ஓம். ஆனால் கனம் கூடக் கூட ஒளி குறையும். எதை எதற்காக விட்டுக்கொடுப்பது? 1976-இல் ஹாக்கே என்பவர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். உள்ளே விழுந்த ஒளியில் வெளியே வரும் பங்கைப் பத்து முறை பெருக்கி, அதை மின்தடையால் வகுக்க வேண்டும்.

இரண்டு படலங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 90 சதவீதம் ஒளியை விடுகிறது, சதுரத்துக்கு 20 ஓம். மற்றது 80 சதவீதம், 8 ஓம். பார்த்தவுடன் இரண்டாவதுதான் கெட்டிக்காரன் என்று தோன்றும். கணக்கைப் போடுங்கள். 0.9-ஐப் பத்து முறை பெருக்கினால் 0.349, அதை 20-ஆல் வகுத்தால் 0.0174. 0.8-ஐப் பத்து முறை பெருக்கினால் 0.107, அதை 8-ஆல் வகுத்தால் 0.0134. முதல் படலம் ஜெயிக்கிறது! ஆனால் இதே கணக்கு ஹீட்டருக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. எதற்காகச் செய்கிறோமோ அதுதான் நல்லது எது என்பதைச் சொல்லும். இதைச் சொன்னதும் எக்ஸ்டெர்னல் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எத்தனை மார்க் போட்டார் என்பது வேறு விஷயம்!

எங்கள் ஸ்லைடு முனைக்கு முனை சுமார் 42 ஓம் காட்டியது. இரண்டு ஓரத்திலும் சில்வர் பேஸ்ட் தடவி, 12 வோல்ட் அடாப்டரில் இணைத்தோம். கணக்குப்படி மூன்றரை வாட்டுக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த செய்தித்தாளைப் படித்துக்கொண்டே, மேலே மெழுகு உருகுவதைப் பார்க்கலாம். கண்காட்சியில் முதலாமாண்டுத் தம்பிகள் "வயர் எங்கண்ணா இருக்கு?" என்று குனிந்து குனிந்து தேடினார்கள்.

எழுதி வைப்போம்!

இப்போது அந்த எண்பது பக்க ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவர்களுக்கு நல்ல படலம் கிடைத்திருக்கலாம். ஆனால் எப்படிக் கிடைத்தது என்பது அவர்களோடு போய்விட்டது. ஒருவருக்குக் கிடைத்து, மற்றவருக்குக் கிடைக்காத படலம் அறிவியல் ஆகாது, அது அதிர்ஷ்டம். நாங்கள் இழந்தது இரண்டு சனிக்கிழமைகள்தான். தொழிற்சாலையில் இதே மாதிரி ஒரு வரிக் குறிப்பை நம்பி ஷிப்டு மாறினால், இரவு ஷிப்டில் ஓடிய கண்ணாடி முழுவதும் காலையில் கழிவாகப் போகும். யார் பொறுப்பு என்ற கேள்வி வரும்போது அது மேஜைக்குப் பின்னால் இருப்பவரிடம் போகாது, மெஷின் முன்னால் நின்றவனிடம்தான் வரும். அப்போது அவனைக் காப்பாற்றப்போவது அவன் எழுதி வைத்த தாள் ஒன்றுதான்.

ரெடிமேட் ப்ராஜெக்ட் பற்றியும் ஒரு வார்த்தை. காசு கொடுத்தால் கிட் கிடைக்கும், ரிப்போர்ட் கிடைக்கும், வைவாவுக்குக் கேள்வி பதில்கூடக் கிடைக்கும். வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் வீட்டு நிலைமை, அரியர் பாரம் அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் அந்தக் கடையில் கிடைக்காது. "எதோட 450?" என்று ஒருவர் கேட்டால், "கண்ணாடியோட மேல்பரப்பு, தெளிக்கறதுக்கு முன்னாடி, நானே வச்சுப் பார்த்தேன்" என்று நிமிர்ந்து சொல்லும் தைரியம். அந்த அண்ணனிடம் எம்.எஸ்சி. பட்டம் இல்லை. ஆனால் அந்த ஆய்வகத்தில் படலம் சரியாக வரவில்லை என்றால் ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் தேடுவது அவரைத்தான். நம் படிப்புக்கு என்ன மரியாதை என்று அடிக்கடி புலம்புகிறோம். மரியாதை இப்படித்தான் வரும் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முப்பத்திரண்டு பக்கம்தான். முன்னுரை இரண்டு பக்கம். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு தாள். கண்ணாடி எந்தக் கடையில் வாங்கியது, எப்படித் துடைத்தோம், கரைசலில் எது எத்தனை கிராம், கண்ணாடியின் முகத்தில் சூடு எவ்வளவு, தெளிக்கும்போது எவ்வளவு இறங்கியது, கன் எத்தனை சென்டிமீட்டர் உயரம், எத்தனை விநாடி தெளித்து எத்தனை விநாடி நிறுத்தினோம், அன்று மழையா வெயிலா என்பது வரை அதில் இருக்கிறது. வெளுத்துப் போன ஸ்லைடுகளின் தாள்களையும் கிழிக்கவில்லை. எது வராது என்று தெரிவதும் ஒரு வழிகாட்டிதானே!

அந்த ரிப்போர்ட்டின் ஒரு பிரதி நம் துறை நூலகத்தில், ஜன்னலோர அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. அடுத்த ஆண்டு யாராவது எடுத்துப் பாருங்கள். எங்களைவிடக் குறைந்த மின்தடையில், தெளிந்த படலம் ஒன்றைச் செய்யுங்கள். செய்துவிட்டு, உங்கள் தாளையும் அதன் பின்னாலேயே சேர்த்துத் தைத்து வையுங்கள்.

நட்புடன்,
மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை